தீவிர வலதுசாரித் தாக்குதலுக்குப் பிறகு: நார்வே வழியா, நியூசிலாந்து வழியா?

அதிரடிச் சட்டமா, நிதானமா? தீவிர வலதுசாரி ஒருவர் பலரைக் கொன்று குவிக்கும் தாக்குதல் நடந்தால் எந்த நாட்டிலும் இந்த விவாதம் கிளம்பும். இரண்டுக்கும் உதாரணம் உண்டு.

முதல் எதிர்வினை
நார்வே (ஜூலை 22, 2011, ஆஸ்லோவில் குண்டுவெடிப்பு, உட்டோயா தீவில் துப்பாக்கிச்சூடு, 77 பேர் பலி): இன்னும் அதிக ஜனநாயகம், இன்னும் அதிகத் திறந்தமனம் என்றார் பிரதமர் ஸ்டோல்டன்பெர்க். ஆஸ்லோ வீதிகளில் ரோஜாப்பூக்களோடு கூட்டம் திரண்டது.
நியூசிலாந்து (மார்ச் 15, 2019, கிறைஸ்ட்சர்ச் மசூதிகளில் துப்பாக்கிச்சூடு, 51 பேர் பலி): கொலையாளியின் பெயரையே சொல்ல மாட்டேன் என்றார் அன்றைய பிரதமர் ஜெசிந்தா ஆர்டர்ன்.

துப்பாக்கிச் சட்டம்
நார்வே: அரைத் தானியங்கித் துப்பாக்கித் தடை 2021இல்தான் அமலுக்கு வந்தது. பத்து வருஷம்!
நியூசிலாந்து: ஒரு மாதத்துக்குள் முடிந்தது. நாடாளுமன்றத்தில் 119 பேர் ஆதரவு, எதிர்ப்பு ஒன்றே ஒன்று.

தன் தவறை விசாரித்தல்
நார்வே: ஓராண்டில் விசாரணை ஆணைய அறிக்கை வந்தது. மூடுவதென்று முன்பே முடிவான தெரு மூடப்படவில்லை. குண்டு வைத்த வேன் அரசுக் கட்டட வாசல் வரை வந்து நின்றது. அறிக்கை யாருக்கும் முகதாட்சண்யம் பார்க்கவில்லை.
நியூசிலாந்து: இங்கும் ஆணையம், அறிக்கை 2020 டிசம்பரில்.

வாக்குப்பெட்டி
நார்வே: கொலையாளி ஒருகாலத்தில் உறுப்பினராக இருந்த வலதுசாரி முன்னேற்றக் கட்சி 2011 உள்ளாட்சித் தேர்தலில் சரிந்தது. 2013இல் அதே கட்சி முதல்முறையாக ஆட்சியில் பங்கேற்றது.
நியூசிலாந்து: 2020இல் ஆர்டர்னுக்குப் பெரும் வெற்றி (அதில் கொரோனாவுக்கே பெரும்பங்கு). துப்பாக்கிச் சட்டத்துக்கு அந்த ஒற்றை எதிர்ப்பு வாக்கைப் போட்டவரின் வலதுசாரி ஆக்ட் கட்சி, 2023இல் கூட்டணி அரசில்.

சட்டம் மாற வேண்டுமென்றால் நியூசிலாந்து வழிதான். சூடு ஆறுவதற்குள் முடித்துவிட வேண்டும். ஓட்டை காவல்துறையிலும் நிர்வாகத்திலும் என்றால் நார்வேயின் கறார் விசாரணை. வாக்காளர் மனம் நிரந்தரமாக மாறும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு, சரி, இரண்டுமே உதவாது.