புதையுண்ட எலும்பில் ஆஸ்டியோமலேசியா: எந்த நுண்ணோக்கி கைகொடுக்கும்?

வைட்டமின் டி குறைபாட்டால் பெரியவர்களின் எலும்பு மென்மையாகும் ஆஸ்டியோமலேசியாவை, உயிரோடிருப்பவரிடம் இடுப்பெலும்பிலிருந்து சிறு துண்டெடுத்து, தாது படியாத ஆஸ்டியாய்டு அடுக்கு தடித்திருக்கிறதா என்று பார்த்து உறுதி செய்கிறார்கள். நெடுங்காலம் மண்ணில் கிடந்த எலும்பில் அந்த அடுக்கைத் தேடுவது வீண். தாதுவின் காப்பில்லாத அந்தப் புரதம் மட்கிப் போயிருக்கும். எனவே, நோய் விட்டுச்சென்ற குறைகளைத் தெளிவாகக் காட்டும் கருவி எது என்பதே கேள்வி.

மெல்லிய சீவலைச் சாதாரண ஒளி நுண்ணோக்கியில் பார்ப்பது மலிவானது. நார்களின் போக்கும், இரத்தக் குழாயைச் சுற்றி வளையம் வளையமாக அமைந்த எலும்பு அலகுகளான ஆஸ்டியான்களின் அமைப்பும் அதில் நன்றாகத் தெரியும். ஆனால் தாது எங்கே குறைந்திருக்கிறது என்பதை அது நேரடியாகக் காட்டாது. பாக்டீரியா அரித்த இடத்தை நோயின் தடமென்று மயங்கவும் இடமுண்டு.

எலும்பில் பட்டுத் திரும்பிச் சிதறும் எலக்ட்ரான்களைக் கொண்டு படமெடுக்கும் பின்சிதறல் எலக்ட்ரான் நுண்ணோக்கியின் பலம் இங்கேதான். பிசினில் பதித்து மெருகேற்றிய பரப்பில் தாது செறிந்த பகுதி வெளிறியும், குறைந்த பகுதி கருத்தும் தெரிகின்றன. பாக்டீரியா குடைந்த இடங்களைச் சுற்றித் தாது மீண்டும் படிந்து வெளிறிய விளிம்பு உண்டாகிறது. நோயின் குறையோ அத்தகைய விளிம்பின்றி, பழைய எலும்பும் புதிய எலும்பும் சேரும் சிமென்ட் கோட்டை ஒட்டி, தாது முழுமையாகப் படியாத கீற்றாகத் தெரிகிறது. இங்கிலாந்தின் பர்மிங்காமில் 2001-இல் அகழப்பட்ட செயின்ட் மார்ட்டின் தேவாலய இடுகாட்டின் 18, 19ஆம் நூற்றாண்டு எலும்புகளை மேகன் பிரிக்லி, சைமன் மேஸ், ரேச்சல் ஐவ்ஸ் ஆகியோர் ஆராய்ந்து 2007-இல் வெளியிட்ட கட்டுரை, இம்முறையின் பயனை எனக்கு ஐயமின்றி உணர்த்தியது. நிலக்கரிப் புகை வெயிலை மறைத்த அந்தத் தொழில் நகரில் வாழ்ந்தவர்களின் குறைபாட்டை அவர்களுடைய எலும்பே சொல்கிறது.

எலும்பை விட்டுப் பல்லைப் பார்க்கலாமே என்றால், பற்சிப்பிக்கு அடியிலுள்ள கடின அடுக்கான டென்டினில் தாது ஒன்றுசேராமல் விடுபட்ட இடைவெளிகளை ஒளி நுண்ணோக்கியே காட்டிவிடும். பல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளாததால் குறைபாடு எந்த வயதில் வந்தது என்றும் கணிக்கலாம். ஆயினும் அது பேசுவது பெரும்பாலும் குழந்தைப் பருவத்தையும் பதின்பருவத்தையும்தான். நாற்பது வயதில் வந்த நோயை அதில் காண முடியாது.

ஆகவே, பெரியவர்களின் எலும்புக்கு எலக்ட்ரான் நுண்ணோக்கியையே நான் முன்வைப்பேன். அதற்காக எல்லா எலும்பையும் வெட்டுவது தகாது. விலா, தோள்பட்டை, இடுப்பு ஆகியவற்றில் பொய்முறிவுகள் (மென்மையான எலும்பில் முறிவுபோலத் தோன்றும் விரிசல் கீற்றுகள்) இருக்கின்றனவா என்று முதலில் வெறுங்கண்ணாலும் எக்ஸ்ரேயாலும் தேடி, ஐயத்துக்குரிய எலும்புக்கூட்டில் ஏற்கெனவே உடைந்து கிடக்கும் விலாத் துண்டொன்றை மட்டும் எடுத்தால் போதும்.