துணியா, டயப்பரா?

பிள்ளை பிறந்த வீட்டில் முதல் வாரமே கிளம்பும் பேச்சு இது. பாட்டி பழைய வேட்டியைக் கிழித்து மடித்து வைத்திருப்பார். அப்பா டயப்பர் பாக்கெட்டோடு வந்து நிற்பார்.

செலவு
துணி: சோப்பும் தண்ணீரும்தான்.
டயப்பர்: ஒன்று சுமார் 10 ரூபாய். நாளுக்கு எட்டு என்றால் மாதம் 2,400.

வேலை
துணி: வெயில் நாளில் ஒரு மணி நேரத்தில் மொறுமொறுவென்று காய்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில்தான் பாடு. ஃபேனுக்கடியில் கொடி கட்டினாலும் ஈரவாடை போகாது. கடைசியில் இஸ்திரி போட்டுத்தான் கட்ட வேண்டும். பச்சை உடம்புக்காரியிடம் இந்தத் துவைக்கிற வேலையை விடுவது அநியாயம். வீட்டு ஆண்கள் துவைக்கட்டும்.
டயப்பர்: கழற்றி, சுருட்டி, காகிதத்தில் பொதிந்து, குப்பையில் தனியாகக் கொடுக்க வேண்டும். திடக்கழிவு விதிகளும் அதைத்தான் சொல்கின்றன.

தோல்
துணி: நனைந்ததும் தெரியும், உடனே மாற்றுவோம். ஐந்தாம் நாளுக்குப் பிறகு தினம் ஆறு முறையாவது சிறுநீர் போனால் பால் போதுகிறது என்று நிம்மதியாக இருக்கலாம். அந்தக் கணக்கும் துணியில் எளிது.
டயப்பர்: நனைந்தது வெளியே தெரியாது. இரண்டு, மூன்று மணி நேரத்துக்கொரு முறை பார்க்காவிட்டால் தொடையிடுக்கு சிவந்துவிடும்.

தூக்கம்
இதில் டயப்பர்தான். தாய் சேர்ந்தாற்போல இரண்டு மணி நேரம் கண்ணயர்வது பெரிய விஷயம்.

பகலில் உதவிக்கு ஆள் இருந்தால் துணி கட்டுங்கள். இரவு, பயணம், தடுப்பூசிக்குப் போகும் நாள், அடைமழை என்றால் டயப்பர். தனியாகப் பிள்ளை பார்க்கும் தாய், கையில் காசு இருந்தால், முழுநேரமும் டயப்பர் போடலாம். யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. தோல் சிவந்தால் மட்டும் கொஞ்ச நேரம் எதுவும் கட்டாமல் காற்றாட விடுங்கள்.