30 வோல்ட், 3 ஆம்பியர்: பலகையில் உள்ளதும் கையில் கிடைப்பதும்

இணையக் கடைகளில் ‘0–30 வோல்ட், 2 மில்லிஆம்பியர்–3 ஆம்பியர்’ என்ற பெயரில் பல ஆண்டுகளாக விற்கப்பட்டு வரும் பவர் சப்ளை கிட்டைக் கண்ணில் காணாத மின்னணு ஆர்வலர்கள் குறைவு. ஒரு பச்சைப் பலகை, ஒரு பை நிறைய உதிரிபாகங்கள், கம்பியோடு கூடிய இரண்டு பாட்கள் (திருப்பிக் கூட்டிக் குறைக்கும் ரெசிஸ்டர்கள்), ‘டி1047’ என்று பொறித்த ஒரு பெரிய டிரான்சிஸ்டர் ஆகிய அனைத்தும் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைத்துவிடுகின்றன. டிரான்ஸ்பார்மர், ஹீட் சிங்க் (வெப்பத்தை வெளியேற்றும் உலோகத் துண்டு), பெட்டி, மீட்டர் ஆகியவை நம் பொறுப்பு. வீட்டு மேசைக்கு ஒரு பவர் சப்ளை வேண்டும் என்று நான் இதை வாங்கிப் பொருத்தி, ஓராண்டுக்கு மேலாகப் பயன்படுத்தி வருகிறேன். வாங்கியபடியே அதை விட்டுவைத்திருந்தால் இந்த மதிப்புரை வேறு மாதிரி இருந்திருக்கும்.

இதற்கு முன் என்னிடம் இருந்தது எல்.எம்.317 என்ற மின்னழுத்த ரெகுலேட்டர் ஐ.சி.யை வைத்து நானே கட்டிய ஒரு சிறு பெட்டி. 1970களில் நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனத்தில் ராபர்ட் டாப்கின் வடிவமைத்த அந்த ஐ.சி. இன்றும் எந்த உதிரிபாகக் கடையிலும் கிடைக்கிறது. இரண்டு ரெசிஸ்டர்களைக் கொண்டு வேண்டிய மின்னழுத்தத்தை அமைத்துக்கொள்ளலாம். அதன் குறைகள் இரண்டு: மின்னழுத்தம் 1.25 வோல்ட்டுக்குக் கீழே இறங்காது, மின்னோட்டத்துக்கு நாம் விரும்பிய இடத்தில் எல்லை கட்டவும் வழியில்லை. புதிதாகப் பொருத்திய ஒரு சர்க்யூட்டில் எங்கோ ஈயம் வழிந்து இரண்டு தடங்கள் ஒட்டிக்கொண்டிருந்தால், தன்னால் இயன்ற ஒன்றரை ஆம்பியரையும் அது தயங்காமல் கொடுத்துவிடும். அந்தப் பெட்டியில் இரண்டு முறை புகை பார்த்த பிறகுதான் மின்னோட்ட எல்லை உள்ள சப்ளையைத் தேடத் தொடங்கினேன்.

கிட்டைப் பொருத்துவது கடினமில்லை. பலகையில் பாகங்களின் மதிப்பும் டையோடுகளின் திசையும் தெளிவாக அச்சிடப்பட்டிருக்கின்றன. நீல நிற மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர்களின் வண்ணப் பட்டைகள்தான் டியூப் லைட் வெளிச்சத்தில் பழுப்பா சிவப்பா என்று தெரியாமல் கண்ணைக் கட்டுகின்றன. ஒவ்வொன்றையும் மல்டிமீட்டரில் அளந்து பார்த்த பிறகே பலகையில் இடுவது நல்லது. 0.47 ஓம், 5 வாட் வெள்ளை ரெசிஸ்டரை மட்டும் பலகையோடு ஒட்டி இடக் கூடாது. 3 ஆம்பியர் ஓடும்போது அதில் மட்டுமே 4.2 வாட் வெப்பம் பிறக்கும் என்பதால், அடியில் காற்றுப் புகும்படி சற்றே தூக்கிப் பொருத்த வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் தொடங்கினால் மதியச் சாப்பாட்டுக்குள் பலகை வேலை முடிந்துவிடும்.

வடிவமைப்பைப் பொறுத்தவரை இது மரியாதைக்குரிய சர்க்யூட் என்றே சொல்வேன். ஓர் ஆப்-ஆம்ப் (இரு மின்னழுத்தங்களின் வித்தியாசத்தைப் பெருக்கும் ஐ.சி.), செனர் டையோடு தரும் அடிப்படை மின்னழுத்தத்தை நிலையாக வைத்துக்கொள்கிறது. இன்னொன்று வெளியீட்டு மின்னழுத்தத்தைக் கவனித்துக்கொள்கிறது. மூன்றாவது, அந்த 0.47 ஓம் ரெசிஸ்டரில் விழும் மின்னழுத்தத்தைப் பார்த்து, நாம் வைத்த எல்லையை மின்னோட்டம் தொட்டவுடன் இரண்டாவதன் கையைப் பிடித்து இழுக்கிறது. அப்படி இழுக்கும் தருணத்தில் முகப்பில் ஒரு எல்.இ.டி. எரியும். மின்சாரத்தை அணைக்கும்போது வெளியீடு ஒரு கணம் எகிறிவிடாமல், எதிர்மின்னழுத்தம் மறைவதைக் கண்டு உடனே வெளியீட்டைச் சுழியத்துக்கு இறக்குவதற்கென்றே தனியாக ஒரு டிரான்சிஸ்டரும் வைத்திருக்கிறார்கள். இந்த விலையில் இத்தகைய அக்கறையை எதிர்பார்க்க முடியாது.

மின்னோட்ட எல்லை எப்படி வேலை செய்கிறது என்பதை ஒரு சிவப்பு எல்.இ.டி.யை வைத்தே பார்த்துவிடலாம். முதலில் வெளியீட்டு முனைகளை ஒரு கம்பியால் இணைத்து, எல்லையை 10 மில்லிஆம்பியருக்குக் குறைத்துக்கொண்டேன். பிறகு கம்பியை எடுத்துவிட்டு, மின்னழுத்தத்தைச் சுழியத்தில் வைத்து, ரெசிஸ்டர் எதுவும் இல்லாமல் எல்.இ.டி.யை நேராக முனைகளில் மாட்டி, பாட்டை மெதுவாகத் திருப்பினேன். மீட்டர் 1.9 வோல்ட்டுக்கு வந்ததும் அங்கேயே நின்றுவிட்டது. அதற்கு மேல் எவ்வளவு திருப்பினாலும் எண் நகரவில்லை, முகப்பில் எல்லை விளக்கு மட்டும் எரிந்தது. மின்னழுத்தத்தை முன்கூட்டியே உயர்த்தி வைத்துவிட்டு மாட்டினால் இது பலிக்காது. வெளியீட்டில் உள்ள 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரில் சேர்ந்திருக்கும் மின்னூட்டம் எல்லை எதையும் மதிக்காமல் எல்.இ.டி.க்குள் பாய்ந்துவிடும்.

இனி வழக்குக்கு வருவோம். கிட்டின் பெயரிலேயே உள்ள 30 வோல்ட்டும் உண்மை, 3 ஆம்பியரும் உண்மை. ஆனால் இரண்டும் ஓர் உறையில் இட்ட இரு வாள்கள், சேர்ந்து இருக்க மாட்டா. நான் முதலில் இணைத்த 24 வோல்ட் டிரான்ஸ்பார்மரின் உச்ச மின்னழுத்தம் 34 வோல்ட். மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கும் பிரிட்ஜ் டையோடுகளில் ஏறக்குறைய 2 வோல்ட் போய்விடும். மீதமுள்ள 32 வோல்ட்டைத் தாங்கிப் பிடிக்க வேண்டிய கெபாசிட்டரின் மதிப்பு 3300 மைக்ரோஃபாரட் மட்டுமே. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் கெபாசிட்டர் நொடிக்கு 100 முறை நிரம்புகிறது. ஒரு முறை நிரம்பி மறுமுறை நிரம்புவதற்குள் 3 ஆம்பியரை எடுத்தால் அதன் மின்னழுத்தம் 7 முதல் 9 வோல்ட் வரை சரிந்துவிடும். பள்ளத்தின் அடியில் இருப்பது 24 வோல்ட் என்று வைத்துக்கொண்டால், அதிலிருந்து வெள்ளை ரெசிஸ்டருக்கு 1.4, டிரான்சிஸ்டர்களுக்கு ஏறக்குறைய 2 வோல்ட் கழித்துவிட்டு, நம் கைக்கு வருவது 20 வோல்ட்டும் சில்லறையும்தான். அதற்கு மேல் திருப்பினால் எண் ஏறுவது போலத் தோன்றும். ஆனால் ஆசிலோஸ்கோப்பில் பார்த்தால் வெளியீட்டில் 100 ஹெர்ட்ஸ் பல்வரிசை தெரியும். ஆடியோ ஆம்ப்ளிஃபயரை இணைத்திருந்தால் காதுக்கே கேட்கும்.

டிரான்ஸ்பார்மரிலும் இதே போன்ற ஒரு கணக்குப் பிழைக்கு இடமுண்டு. நேர்மின்னோட்டமாக 3 ஆம்பியர் வேண்டுமானால், பிரிட்ஜும் கெபாசிட்டரும் உள்ள சர்க்யூட்டில் டிரான்ஸ்பார்மரின் வைண்டிங் வழியே ஏறக்குறைய 1.8 மடங்கு மின்னோட்டம் ஓடும். அதாவது 5 ஆம்பியருக்கு மேற்பட்ட டிரான்ஸ்பார்மர் தேவை. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் போய் ‘24 வோல்ட் 3 ஆம்பியர்’ என்று கேட்டால் அதையே எடுத்துத் தருவார்கள்; அரை மணி நேரத்தில் அது கை வைக்க முடியாதபடி சுடும். சரியான அளவில் வாங்கினால் டிரான்ஸ்பார்மரின் விலை கிட்டின் விலையைத் தாண்டிவிடும் என்பதையும் முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

இவற்றைவிடப் பெரிய குறை ஆப்-ஆம்ப்களில் இருக்கிறது. கிட்டில் வருபவை டி.எல்.081. அவற்றின் இரு சப்ளை முனைகளுக்கு இடையே 36 வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது என்று டேட்டாஷீட் சொல்கிறது. சுமை இல்லாதபோது என் 24 வோல்ட் டிரான்ஸ்பார்மரின் வெளியீடு 27 வோல்ட்டாக இருந்தது. டிரான்ஸ்பார்மருக்கு அது இயல்புதான், இரவில் தெரு அடங்கிய பிறகு வீட்டு மின்னழுத்தமும் சற்று ஏறும். 27 வோல்ட்டின் உச்சம் 38. டையோடுகள் போக ஏறக்குறைய 37 வோல்ட் கெபாசிட்டரில் நிற்கிறது. ஆப்-ஆம்ப்களின் எதிர்முனையோ தரைக்குக் கீழே 5 வோல்ட் அளவில் இருக்கிறது. ஆக மொத்தம் 42 வோல்ட். 36 தாங்கும் பாகத்தின் மேல் 42 ஏற்றி வைத்தால், ஒரு நாள் தாங்கும், ஒரு மாதமும் தாங்கலாம். அதை நம்பி வேலை செய்ய முடியாது. 44 வோல்ட் வரை தாங்கும் டி.எல்.இ.2141 என்ற ஆப்-ஆம்ப்பை அதே சாக்கெட்டில் மாற்றிச் செருகுவது ஒரு வழி. டிரான்ஸ்பார்மரை 18 வோல்ட்டுக்கு இறக்கிவிடுவது மற்றொரு வழி. ஆப்-ஆம்ப்களை நேராகப் பலகையில் ஈயம் வைத்து ஒட்டாமல் சாக்கெட் போட்டுக்கொண்டவர்களுக்கு இரண்டு வழிகளும் திறந்திருக்கும்.

நான் 18 வோல்ட், 4 ஆம்பியர் டிரான்ஸ்பார்மருக்கு மாறினேன். அதற்கு ஆப்-ஆம்ப் மட்டும் காரணமன்று, வெப்பமும் காரணம். இது லீனியர் சப்ளை. உள்ளே வருவதற்கும் வெளியே போவதற்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் டி1047 டிரான்சிஸ்டரில் சூடாக மாறும். 24 வோல்ட் டிரான்ஸ்பார்மரை வைத்துக்கொண்டு 5 வோல்ட்டில் 1 ஆம்பியர் எடுத்தால், சர்க்யூட்டுக்குப் போவது 5 வாட். டிரான்சிஸ்டரில் எரிவது 27 வாட். நாம் கையில் பிடித்து ஈயம் உருக்கும் அயர்ன் 25 வாட் என்பதை நினைத்துக்கொண்டால் அதன் கடுமை விளங்கும். முனைகள் ஒன்றையொன்று தொட்ட நிலையில் 3 ஆம்பியர் ஓடினால் இது 80 வாட்டைத் தாண்டும். அந்த டிரான்சிஸ்டரின் தாங்குதிறன் 100 வாட் என்பது அதன் உடல் 25 டிகிரியில் இருக்கும்போதுதான். உடல் 75 டிகிரிக்கு ஏறினால் 60 வாட்டாகச் சுருங்கிவிடும். சித்திரை மாதத்து மதியத்தில் 40 டிகிரி அறைக்குள் இருந்து தொடங்கினால் 75 தொலைவில் இல்லை. கிட்டில் டிரான்சிஸ்டரைப் பலகையின் ஓரத்தில் நிறுத்துவதற்கு இடம் விட்டிருக்கிறார்களே தவிர, இந்த வெப்பத்துக்கு ஏற்ற ஹீட் சிங்க் தரவில்லை. பழைய ஆம்ப்ளிஃபயர் ஒன்றிலிருந்து கழற்றிய கைப்பிடி அகல ஹீட் சிங்க்கில் அதை மாட்டி, தடித்த கம்பிகளால் பலகைக்கு இழுத்து, கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்றையும் எதிரே வைத்தேன். டிரான்சிஸ்டரின் உலோக முதுகு அதன் கலெக்டர் முனையோடு இணைந்தது என்பதால் இடையில் மைக்கா தகடு அவசியம். ஸ்க்ரூவை முறுக்கிய பிறகு கலெக்டருக்கும் ஹீட் சிங்க்குக்கும் இடையே மல்டிமீட்டர் பீப் அடிக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டும். எனக்கு முதல் முறை அடித்தது. ஸ்க்ரூவுக்கு பிளாஸ்டிக் வாஷர் போட மறந்திருந்தேன்.

பாட்களுக்கான கம்பிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவை பலகையில் செருகும் சிறு கனெக்டர்களோடு வருகின்றன. பார்க்க வசதியாக இருக்கும். ஆனால் மின்னழுத்தப் பாட்டின் தரைப்பக்கக் கம்பி கழன்றுவிட்டால், நடுமுனை முழு அடிப்படை மின்னழுத்தத்துக்கு ஏறி, வெளியீடும் உச்சத்துக்குப் போய்விடும். பெட்டிக்குள் வேறு எதையோ நகர்த்தும்போது அது கழன்றதை நான் கவனிக்கவில்லை. 3.3 வோல்ட்டுக்கென வைத்திருந்த சப்ளை, அதன் முனையில் இருந்த ஈ.எஸ்.பி.32 மைக்ரோகன்ட்ரோலர் பலகையை, ஸ்விட்ச் போட்ட மறுகணமே சாகடித்துவிட்டது. மின்னோட்ட எல்லை அன்று உதவவில்லை; அரை ஆம்பியருக்கு வைத்திருந்தேன், அந்தச் சில்லுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. அன்று மாலையே கனெக்டர்களைக் கழற்றிவிட்டு ஆறு கம்பிகளையும் நேரடியாக ஈயம் வைத்து ஒட்டினேன்.

மீட்டருக்கு வழக்கமான சிவப்பு-நீல எண்கள் காட்டும் சிறு பேனல் மீட்டர் போதும். அவற்றில் பெரும்பாலானவை தம் சொந்த இயக்கத்துக்கு 30 வோல்ட்டுக்கு மேல் தாங்காதவை என்பதால், பழைய 12 வோல்ட் அடாப்டர் ஒன்றைப் பெட்டிக்குள் தனியாக வைத்து மீட்டருக்கும் ஃபேனுக்கும் கொடுத்திருக்கிறேன். 230 வோல்ட் பக்கம் ஸ்விட்ச்சுக்கு முன்பாக 1 ஆம்பியர் ஸ்லோ-ப்ளோ ஃபியூஸ், உலோகப் பெட்டிக்கு எர்த் ஆகியவற்றில் பேரம் பேசக் கூடாது.

கெபாசிட்டரின் மொத்த மதிப்பை 10,000 மைக்ரோஃபாரட்டுக்கு உயர்த்திய பிறகு, என் பெட்டி 15 வோல்ட் வரை 2 ஆம்பியரைச் சலனமில்லாமல் தருகிறது. மைக்ரோகன்ட்ரோலர், ரிலே, சிறு மோட்டார், 12 வோல்ட் ஆம்ப்ளிஃபயர் என்று வீட்டு மேசைக்கு வரும் வேலைகளில் பெரும்பாலானவை இதற்குள் அடங்கிவிடுகின்றன. 24 வோல்ட் ரிலே ஒன்றைச் சோதிக்க வேண்டியபோது மட்டும் நண்பரின் வீட்டுக்குப் போனேன்.

உடனே வேலைக்கு ஒரு சப்ளை வேண்டும் என்பவர்களுக்கு இந்தக் கிட்டை நான் பரிந்துரைக்க மாட்டேன். டிரான்ஸ்பார்மர், ஹீட் சிங்க், பெட்டி, மீட்டர் எல்லாம் சேரும்போது ஆகும் செலவில் இன்னும் கொஞ்சம் சேர்த்தால், கடையில் தயாராகக் கிடைக்கும் சப்ளையையே வாங்கிவிடலாம். திரையும் பொத்தான்களும் கொண்ட, மின்சாரத்தை வேகமாக வெட்டி வெட்டி மின்னழுத்தத்தைக் குறைக்கும் ஸ்விட்ச்சிங் மாட்யூல்களும் இதைவிடக் குறைவாகச் சூடாகும். ஆனால் ஆடியோ வேலையிலும் ரேடியோ வேலையிலும் அவற்றின் இரைச்சல் தலைவலி தரும். எதிர்மறைப் பின்னூட்டம் (வெளியீட்டைப் பார்த்துத் தன்னைத் தானே திருத்திக்கொள்வது) என்ற சொல்லைப் பாடப்புத்தகத்தில் மட்டும் படித்தவர்கள், அதைக் கையால் தொட்டுப் பார்க்க விரும்பினால், தாராளமாக இதை வாங்கலாம். கூடவே ஐ.சி. சாக்கெட் மூன்று, மைக்கா தகடு, பிளாஸ்டிக் வாஷர், 18 வோல்ட் டிரான்ஸ்பார்மர் ஆகியவற்றையும் பட்டியலில் எழுதிக்கொண்டு கடைக்குப் போனால், ஒரே நடையில் காரியம் முடிந்துவிடும்.