ஜிமேட்டா, ஜிஆர்இயா? இலங்கையின் கிழக்கிலிருந்து எம்பிஏவுக்கு விண்ணப்பிப்பவர் எதை எழுதலாம்

ஜிமேட் (GMAT) வணிகக் கல்லூரிகளில் சேர எழுதும் பரீட்சை; ஜிஆர்இ (GRE) பல துறை முதுமாணிப் படிப்புகளுக்கும் எழுதும் பரீட்சை. இன்சியாட், லண்டன் பிசினஸ் ஸ்கூல், ஹைதராபாத்தின் ஐஎஸ்பி ஆகிய வணிகக் கல்லூரிகள் எல்லாமே இரண்டு பரீட்சைகளின் புள்ளியையும் ஏற்கின்றன. ஆகவே எதற்கு மதிப்புக் கூட என்று மண்டையைக் குடைய வேண்டாம். எதில் உங்களுக்குப் புள்ளி கூட வரும் என்பதைத்தான் பார்க்கவேண்டும். உயர்தரம்வரை தமிழ்மொழி மூலம் படித்து, வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழகங்களில் பட்டம் முடித்தவருக்கு எங்கள் விடை பெரும்பாலும் ஜிமேட்தான்.

காரணம் ஆங்கிலம். ஜிஆர்இயின் மொழிப்பகுதியில் ஏறக்குறைய பாதி, இடைவெளி நிரப்பலும் ஒத்த பொருள் தரும் சொற்களைத் தெரிவதும். பத்திரிகையில்கூட அரிதாகவே காணும் சொற்கள் வரும். அவற்றை மனதில் பதிக்க மாதக்கணக்காகும். ஜிமேட்டில் அந்தச் சுமை இல்லை. 45 நிமிடத்தில் 23 கேள்விகள். பந்தியை வாசித்து விளங்குவதும், ஒரு வாதத்தின் ஓட்டையைக் கண்டுபிடிப்பதும் மட்டுமே. நிதானமாக வாசிக்கத் தெரிந்தவருக்கு இது கைக்கு எட்டும்.

கணிதத்தில் நிலைமை வேறு. ஜிமேட்டில் 45 நிமிடத்தில் 21 கேள்விகள். கல்குலேட்டர் கிடையாது, கேத்திரகணிதமும் கிடையாது. சாதாரண தரத்தில் மடக்கை அட்டவணையோடு பழகிய கைக்கு இது பெரிய பயமல்ல. ஜிஆர்இயில் கேத்திரகணிதம் உண்டு, திரையில் கல்குலேட்டரும் உண்டு. உயர்தரக் கணிதப் பிரிவில் படித்து, ஆங்கில வாசிப்பும் நிறைய உள்ளவர் ஜிஆர்இ பக்கம் போகலாம். எம்பிஏவோடு பொருளியல், தரவு விஞ்ஞான முதுமாணிக்கும் விண்ணப்பிக்க நினைப்பவருக்கும் அதுவே வசதி.

ஜிமேட்டில் பலர் சறுக்குவது மூன்றாம் பகுதியான தரவு அலசலில். 20 கேள்விகள், மொத்தப் புள்ளியில் மற்ற இரண்டுக்கும் சமமான பங்கு. தந்த தரவு விடைகாணப் போதுமா என்று மட்டும் கேட்கும் வினாக்கள் இங்கே வரும். போதும் என்று தெரிந்த பிறகும் விடையைக் கணித்து முடிக்கப் போவது நம் பாடசாலைப் பழக்கம். நேரம் போவது அங்கேதான். தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். கேள்வியைத் தாண்டிப் போக இந்தப் பரீட்சை விடாது. பகுதி முடிவில் நேரம் மிஞ்சினால் மூன்று விடைகளை மட்டும் மாற்றலாம். கேள்விகளை எழுதாமல் விட்டால் புள்ளி குறையும். ஜிஆர்இயில் ஒரு பகுதிக்குள் முன்னும் பின்னும் போய்வரலாம், பிழையான விடைக்குப் புள்ளி வெட்டும் இல்லை.

பழைய குறிப்புகளை நம்பவேண்டாம். 2023 நவம்பரில் வந்த புதிய ஜிமேட்டின் அளவு 205 முதல் 805 வரை. புள்ளி எப்போதும் 5இல் முடியும். "700 எடுக்கவேண்டும்" என்று மூத்தவர்கள் சொல்லும் கணக்கு இன்று ஏறக்குறைய 645. இலக்கணத் திருத்தப் பயிற்சிகளும் இனித் தேவையில்லை.

முடிவெடுக்கச் சரியான வழி: இரண்டுக்கும் உத்தியோகபூர்வ மாதிரிப் பரீட்சைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. நேரம் வைத்து ஒவ்வொன்று எழுதுங்கள். எதில் சதமான இடம் (எழுதியவர்களில் நூற்றுக்கு எத்தனை பேரை முந்தினீர்கள் என்பது) உயர்கிறதோ அதையே பிடியுங்கள்.

இரண்டையும் வீட்டிலிருந்தே எழுதலாம்தான். ஆனால் பூட்டிய அறையில் தனியே இருக்கவேண்டும்; யாரும் கதவைத் திறந்தால் பரீட்சையே நிறுத்தப்படலாம். சாதாரண தாளில் கணக்குப் போட முடியாது. எழுதி அழிக்கும் வெள்ளைப் பலகை வாங்கிவையுங்கள். மின்வெட்டில் மடிக்கணினி தாங்கும், ரவுட்டர் தாங்காது. அதற்கொரு யுபிஎஸ் வேண்டும். வைகாசியில் அம்மன் சடங்கு ஒலிபெருக்கிக்குப் பக்கத்து வீடென்றால் யோசிக்கவே வேண்டாம், கொழும்பு நிலையம்தான் நல்லது. இரவு பஸ்ஸில் போய் இறங்கி அப்படியே பரீட்சைக்குப் போகாமல், முதல்நாளே போய்த் தங்குங்கள்.

அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றின் இரண்டாம் சுற்று விண்ணப்பம் ஜனவரித் தொடக்கத்தில் முடியும். நவம்பரிலிருந்து இங்கே மாரிமழையும் வெள்ளமும். எனவே ஆகஸ்டில் முதல் முறை எழுதுங்கள். மறுபடி எழுத ஜிமேட்டுக்கு 16 நாள், ஜிஆர்இக்கு 21 நாள் இடைவெளி வேண்டும். இரண்டாம் முறைக்குச் செப்டெம்பர் கையில் இருக்கும்.

பதியும்போது கடவுச்சீட்டில் உள்ளபடியே பெயரைக் கொடுங்கள். பட்டச் சான்றிதழில் தகப்பன் பெயர் முதலெழுத்தாக மட்டும் இருந்து, கடவுச்சீட்டில் முழுதாக இருப்பது எங்கள் பகுதியில் சாதாரணம். பெயர் பொருந்தாவிட்டால் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள், கட்டிய பணமும் போய்விடும்.