முதல் கையடக்க ஜிபிஎஸ்: கட்டண வரைபடமா, ஓபன்ஸ்ட்ரீட்மேப்பா?

ஜிபிஎஸ் கொண்டு மறைத்துவைத்த பெட்டிகளைத் தேடும் விளையாட்டான ஜியோகேச்சிங்குக்கு முதல் கார்மின் நிறுவன ஜிபிஎஸ் கருவி வாங்குபவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் வரைபடத்தில்தான்.

செலவு: கட்டண வரைபடத்தைப் பதிவிறக்கமாக வாங்கினால் அந்த ஒரு கருவியோடு பூட்டிக்கொள்ளும், மெமரி கார்டாக வாங்கினால் வேறு கருவிக்கு மாற்றலாம். ஆர்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் ஓபன்ஸ்ட்ரீட்மேப் வரைபடம் இலவசம்.

ஒற்றையடிப் பாதைகள்: ஆர்வலர்கள் நடந்து பதிந்த இடங்களில் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பே மேல். யாரும் பதியாத காட்டில் அது வெறுமையாகத் தெரியும்.

நிறுவுதல்: கட்டணக் கார்டைச் செருகினால் முடிந்தது. இலவசத்துக்குக் கொஞ்சம் வேலை உண்டு. மைக்ரோஎஸ்டி கார்டை ஃபேட்32 (FAT32) முறையில் ஃபார்மட் செய்து, ‘Garmin’ என்று ஆங்கிலத்தில் ஃபோல்டர் போட்டு, பதிவிறக்கிய வரைபடத்தின் ஐஎம்ஜி (.img) கோப்பை அதற்குள் வையுங்கள். கோப்பு 4 ஜிபிக்குள் இருக்க வேண்டும். பழைய கருவிகள் ‘ஜிமேப்சப்’ (gmapsupp.img) என்ற கோப்புப் பெயரை மட்டுமே படிக்கும். வரைபடம் தெரியாவிட்டால் முதலில் அதைப் பாருங்கள். இரண்டு வரைபடங்களை ஒருசேர இயக்கினால் ஒன்று மற்றொன்றை மறைக்கும். அமைப்பில் ஒன்றை அணைத்துவிடுங்கள்.

மென்பொருள்: பாதை திட்டமிட கார்மினின் பேஸ்கேம்ப் போதும். நூற்றுக்கணக்கான கேச்சுகளை, அதாவது மறைத்த பெட்டிகளின் பட்டியலை, வடிகட்ட விண்டோஸ் கணினியில் ஜிஎஸ்ஏகே (GSAK) என்ற மென்பொருள்.

கணினியில் கோப்புகளைக் கையாளத் தெரிந்தவருக்கு, என் கணிப்பில், இலவசமே சரி. அதில் மெனக்கெட விரும்பாதவர் கார்டு வாங்கட்டும். எதுவானாலும் கருவியின் அமைப்பில் டேட்டம், அதாவது ஆயத்தொலைவுகளைக் கணக்கிடும் அடிப்படை, டபிள்யூஜிஎஸ்84 (WGS84) என்று இருக்கட்டும். மாறியிருந்தால் பெட்டியிலிருந்து நூறு மீட்டருக்கும் மேல் தள்ளித் தேட நேரலாம்.