லினக்ஸ்ல வயர்டு கேம் கன்ட்ரோலர், ரெண்டு வாரம் ஓட்டிப் பார்த்தாச்சு

பொருள் நல்ல பொருள்தாங்க, ஆனா மொத நாள் உசுர வாங்கிருச்சு. சொருகுனா லைட் எரியுது, கேம்ல ஒரு பட்டன் கூட வேலை செய்யல. டெர்மினல்ல எல்எஸ்யூஎஸ்பின்னு (lsusb, யூஎஸ்பில மாட்டுனத எல்லாம் காட்டுற கமாண்ட்) அடிச்சா லிஸ்ட்ல வருது, அப்போ கேபிள் ஓகே. உங்களுக்கு லைட் மட்டும் எரிஞ்சு லிஸ்ட்ல வரலன்னா மொதல்ல கேபிள மாத்திப் பாருங்க, சில கேபிள்ல சார்ஜ் மட்டும்தான் ஏறும், டேட்டா போகாது.

அப்புறம் திருப்பிப் பார்த்தா பின்னாடி நகம் சைஸ்ல ஒரு ஸ்விட்ச், எக்ஸ் (X), டி (D)ன்னு ரெண்டு எழுத்து, எக்ஸ்னா எக்ஸ்பாக்ஸ் பேடு மாதிரி பேசும், டின்னா பழைய டைரக்ட்இன்புட் முறை, ஸ்விட்ச் டி பக்கம் கிடந்துச்சு. கேபிள கழட்டி, ஸ்விட்ச எக்ஸ் பக்கம் தள்ளி திரும்ப மாட்டுனேன், உடனே எக்ஸ்பாக்ஸ் 360 பேடுன்னு காட்டுது, லினக்ஸோட மையமான கெர்னல்லயே இருக்கற எக்ஸ்பேட் (xpad) டிரைவர் தானா புடிச்சுக்கிச்சு, தனியா எதுவும் இன்ஸ்டால் பண்ணவே இல்ல. ஜேஎஸ்டெஸ்ட்னு (jstest) பட்டன், ஸ்டிக் டெஸ்ட் பண்ற ப்ரோக்ராம்ல பார்த்தேன், ட்ரிகர மெல்ல அமுக்க அமுக்க நம்பர் -32767ல இருந்து 32767 வரைக்கும் வழுக்கிட்டு ஏறுது, ஸ்டிக்க விட்டதும் 0க்கு வந்து நிக்குது, அதைப் பார்த்தப்போ அவ்ளோ நிம்மதி! வைப்ரேஷனும் பக்கா.

மேனுவல்ல அந்த ஸ்விட்ச் பத்தி ஒரு வரி இல்ல, அது பெரிய தப்பு. கேபிளும் இன்னும் கொஞ்சம் நீளமா குடுத்திருக்கலாம்.