மஞ்சள் பட்டை, சிவப்புப் பட்டை: மாக்ரோவை எந்த வழியில் நம்புவது?

எக்செல் கோப்பைத் திறந்ததும் மேலே பட்டை வந்தால் முதலில் நிறத்தைப் பாருங்கள். மஞ்சள் என்றால், மாக்ரோவை, அதாவது கோப்புக்குள் இருந்து தானாக வேலை செய்யும் சிறு நிரலை, எக்செல் நிறுத்திவைத்துவிட்டு உங்களைக் கேட்கிறது. 'எனேபிள் கன்டென்ட்' பொத்தானும் கூடவே இருக்கும். சிவப்பில் அந்தப் பொத்தானே கிடையாது. இணையத்திலிருந்து இறங்கிய கோப்பில் விண்டோஸ் ஓர் அடையாளத்தை ஒட்டிவைக்கும். அது இருந்தால் மாக்ரோவை அடியோடு தடுக்கும் வழக்கம் 2022-இல் வந்தது.

எரிச்சலில் பலர் நேராக எக்செலின் பாதுகாப்பு அமைப்புகள் இருக்கும் டிரஸ்ட் சென்டருக்குப் போய், எல்லா மாக்ரோவையும் அனுமதித்துவிடுகிறார்கள். இதை ஒப்பீட்டில் சேர்க்கவே எனக்கு மனமில்லை. ஒரே ஒரு கோப்புக்காக, நாளை யாரோ அனுப்பப்போகும் கோப்புக்கும் இன்றே சம்மதம் சொல்கிற வேலை இது.

சரி, மற்ற வழிகள். சிவப்புப் பட்டைக்கு எளிய தீர்வு, கோப்பின் மேல் வலது சொடுக்கி, பிராபர்ட்டீஸில் 'அன்பிளாக்' என்பதைக் குறியிடுவது. இது அந்த ஒரு பிரதிக்கு மட்டும்தான். அதே கோப்பை மறுபடி இறக்கினால் மறுபடி சிவப்பு. தடையை எடுத்த பிறகும் வழக்கமாக மஞ்சள் பட்டை ஒருமுறை கேட்கும், அது நல்லதே. அனுப்பியவரை உங்களுக்குத் தெரியும், அவர்தான் அனுப்பினார் என்றும் உறுதி என்றால் இது போதும்.

மஞ்சளில் 'எனேபிள் கன்டென்ட்' அழுத்துவது சின்ன விஷயம்போலத் தெரியும். ஆனால் எக்செல் அந்தக் கோப்பை நினைவில் வைத்துக்கொள்கிறது, அடுத்தமுறை கேட்பதில்லை. பலர் கவனிக்காத இடம் இதுதான்: பிறகு அதே கோப்புக்குள் யாராவது மாக்ரோவை மாற்றி எழுதினாலும் எச்சரிக்கை வராது. பலர் கைவைக்கும் பொதுக் கோப்பு என்றால் இந்த வழி எனக்குப் பிடிக்காது. பழைய சம்மதங்களை அழிக்க டிரஸ்ட் சென்டரிலேயே, டிரஸ்டட் டாக்குமென்ட்ஸ் பகுதியில் பொத்தான் உண்டு.

நம்பகமான கோப்புறை, அதாவது டிரஸ்டட் லொகேஷன், இன்னும் தாராளம். அதற்குள் எது விழுந்தாலும் கேள்வியில்லாமல் ஓடும். நீங்களே எழுதித் தினமும் திருத்தும் மாக்ரோக்களுக்கு இதைவிட வசதி இல்லை. டவுன்லோட்ஸ் கோப்புறையை மட்டும் தப்பித்தவறிக்கூட அங்கே சேர்க்காதீர்கள். துணைக் கோப்புறைகளையும் நம்பு என்ற குறியையும் யோசித்தே போடுங்கள்.

டிஜிட்டல் கையொப்பம்தான் இவற்றில் கறாரானது. முன்சொன்ன இரண்டும் கோப்பையும் இடத்தையும் நம்புகின்றன. இதில் நம்பிக்கை எழுதியவர் மேலும், எழுதிய நிரல் மேலும். வேறொருவர் நிரலில் ஒரு வரி மாற்றினாலும் கையொப்பம் செல்லாது, பட்டை திரும்ப வந்துவிடும். அலுப்பும் இதில்தான் அதிகம். கையொப்பமிட ஒரு சான்றிதழ் வேண்டும். செல்ஃப்செர்ட் கருவியில் நீங்களே செய்துகொள்ளும் சான்றிதழை உங்கள் கணினி ஏற்கும். மற்றவர்கள் கணினியில் அதைத் தனியாக நிறுவவேண்டும். தனி ஆளுக்கு இவ்வளவு பாடு தேவையா? இல்லை என்பேன். ஒரே மாக்ரோவைப் பத்துப் பேர் பயன்படுத்தும் குழுவுக்குத் தேவைதான்.

எதைத் தேர்ந்தாலும், அனுமதிக்கும் முன் ஆல்ட்டையும் எஃப்11-ஐயும் சேர்த்து அழுத்தி நிரலை ஒரு பார்வை பார்க்கலாம். மாக்ரோ ஓடாத நிலையிலும் அந்த நிரல் சாளரம் திறக்கும். வெறும் கூட்டல் கணக்குக் கோப்பு எதற்கு இணையத்திலிருந்து எதையோ இறக்கப் பார்க்கிறது என்று கேட்க, நிரல் எழுதத் தெரிந்திருக்கவேண்டியதில்லை.